சட்டைப்பைக்குள் அடங்கிய மொழிகள்

2004 ஆடி மாதம். பெருந்துறைக்குத் தெற்கே ஒரு கிராமம். காலை ஐந்தரை மணிக்கெல்லாம் பால் சங்கத்து வாசலில் தூக்குப்போசியும் கேனுமாக முப்பது நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். நான் உள்ளே, செயலரின் மேசையருகே, ஒரு நோக்கியா 6610 போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் எழுதிய நிரல் அதில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை பெரிய நோட்டிலும் கால்குலேட்டரிலும் போட்ட கணக்கை அன்றுதான் முதன்முறையாகப் போனில் போட்டோம்.

பால் விலைக்கு இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று ஃபேட், மற்றது லேக்டோமீட்டர் காட்டும் டிகிரி. இந்த இரண்டையும் வைத்து எஸ்.என்.எஃப். கண்டுபிடிப்பார்கள். கொழுப்பை நீக்கினால் பாலில் மிஞ்சும் திடப்பொருளின் சதவீதம் அது. டிகிரியை நாலால் வகுத்து, ஃபேட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, அதோடு 0.36 சேர்த்தால் கிடைத்துவிடும். எட்டாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்குதான்.

பதினோராவது ஆளாக ஒரு அம்மா வந்தார். ஃபேட் 4.1, டிகிரி 27.5 என்று செயலர் சொல்ல, நான் அடித்தேன். எஸ்.என்.எஃப். 7.9 என்று வந்தது. எட்டுக்குக் கீழே இறங்கினால் விலைப்பட்டியலில் ஒரு கட்டம் கீழே போய்விடும். அந்த அம்மா நகரவில்லை.

“ஏனுங் தம்பி, நேத்துக்கூட எட்டுங்க. இன்னைக்கு ஏழு தொம்பதுங்களா? மாடு அதே மாடு, தவுடு அதே தவுடுதானுங்களே.”

செயலர் பழைய நோட்டை எடுத்தார். முந்தின நாளும் அதே ஃபேட், அதே டிகிரி. நோட்டில் 8.05 என்று இருந்தது. அந்த அம்மா சொன்னதுதான் சரி, என் நிரல் தவறு.

தவறு எங்கே என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அந்தப் போனில் இருந்த ஜாவா மொழிக்குத் தசமம் தெரியாது. முழு எண்கள் மட்டும்தான். அதனால் எல்லாவற்றையும் பத்தால் பெருக்கி வைத்திருந்தேன். 275-ஐ நாலால் வகுத்தால் 68.75 வர வேண்டும், போன் 68 என்றது. 41-ஐ ஐந்தால் வகுத்தால் 8.2, போன் 8 என்றது. 3.6-க்குப் பதில் 3. மூன்றையும் கூட்டினால் 79. மூன்று இடத்திலும் வாலை வெட்டி எறிந்துவிட்டு ஏழு புள்ளி ஒன்பது என்று கூசாமல் சொல்லியிருக்கிறது.

அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். பத்துக்குப் பதில் ஆயிரத்தால் பெருக்கினேன். 6875, 820, 360. கூட்டினால் 8055. போனில் மறுபடி ஏற்றி, முன்னால் பால் ஊற்றிப் போன பத்துப் பேர் கணக்கையும் திருத்திக் கொடுத்தோம். அந்த அம்மா போகும்போது ஒன்றும் சொல்லவில்லை, தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டு போனார்.

சென்னைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது ஒரு கேள்வி என்னை விடவில்லை. கூட்டல் கழித்தல் போடத்தான் கணினியே பிறந்தது. தசமம் தெரியாத ஒரு மொழியை எதற்காக ஒருவர் போனுக்குள் வைத்தார்? அதை எதற்காக நான் தேர்ந்தெடுத்தேன்? கைக்கருவி மொழிகளின் கதையை அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்தேன்.

முதல் கேள்விக்கு விடை எளிது. சன் நிறுவனம் 1999 ஜூனில் சின்னக் கருவிகளுக்கான ஜாவாவை அறிவித்தது. அதன் உள்ளே இருந்த மெய்நிகர் இயந்திரத்துக்குக் கேவிஎம் என்று பெயர். கிலோபைட் கணக்கில் அடங்கக் கூடியது என்பதால் அந்தக் கே. சன் ஆய்வகத்தில் அன்டெரோ தைவல்சாரி முதலானோர் நடத்திய ஸ்பாட்லெஸ் என்ற ஆய்வில் பிறந்தது அது. மேசைக் கணினியில் ஜாவா மெகாபைட் மெகாபைட்டாகத் தின்றுகொண்டிருந்த காலம். இவர்கள் 160 கிலோபைட் இருந்தால் போதும் என்று இறங்கினார்கள். அன்றைய போன் சில்லுகளில் தசமக் கணக்குக்குத் தனிச் சுற்று கிடையாது. மென்பொருளால் செய்யலாம், அதற்கு இடம் வேண்டும். இடம் இல்லை. ஆகவே 2000-இல் வந்த முதல் விதிமுறையில் தசமத்தையே தூக்கிவிட்டார்கள். நிரலில் தில்லுமுல்லு இருக்கிறதா என்று சரிபார்க்கும் வேலை முழுவதையும் போனுக்குக் கொடுக்காமல், கடினமான பகுதியை எழுதுகிறவரின் கணினியிலேயே முடித்து அனுப்பச் சொன்னார்கள். 2003-இல் வந்த அடுத்த பதிப்பில் தசமம் திரும்பி வந்தது. என் கையில் இருந்த போன் பழைய பதிப்பு.

இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல, அந்தக் காலத்துச் சந்தையைச் சொல்ல வேண்டும். என் முன்னால் மூன்று வழி இருந்தது. பாம் கருவியில் சி மொழி. சிம்பியன் போன்களில் சி++. மற்றபடி ஜாவா. பாம் வைத்திருந்தவர்கள் கம்பெனி மேலாளர்கள். சிம்பியன் போன் விலைக்கு ஒரு நல்ல கறவை மாட்டின் பாதி விலை வரும். ஜாவா ஓடும் போன்தான் சென்னை ரிச்சி தெருவில் பழசாகக் கிடைத்தது. சங்கத்தால் வாங்க முடிந்ததும் அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் எனக்குப் பெரிது. பால் ஊற்றுகிறவர்களின் பெயர் தமிழில் வர வேண்டும் என்று செயலர் கேட்டிருந்தார். போனில் தமிழ் எழுத்துருவே கிடையாது. ஆனால் ஜாவாவில் ஓர் எழுத்துக்கு 16 பிட். யூனிகோடு பிறவியிலேயே உள்ளே இருந்தது. திரையில் தெரியாவிட்டாலும் ‘பழனியம்மாள்’ என்ற சொல்லை அது நினைவில் பிசகாமல் வைத்திருக்கும். காட்டுவது மட்டும் என் பொறுப்பு. காகிதத்தில் கட்டம் போட்டு எழுத்துகளை வரைந்தேன். உயிர் 12, ஆய்தம், மெய்க்கு 18, உகர ஊகாரத்துக்கு 36, கால், கொம்பு, சங்கிலிக் கொம்பு, விசிறி, புள்ளி, டி டீ இரண்டும் தனி, பிறகு கிரந்தம். மொத்தம் 84 உருவம் வந்தது. எல்லாவற்றையும் ஒரே நீளப் படமாக்கி, வேண்டிய துண்டை மட்டும் வெட்டித் திரையில் ஒட்டுவது. ‘கெ’ என்றால் நினைவில் க முன்னே, கொம்பு பின்னே. திரையில் கொம்பு முன்னே வர வேண்டும். ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும். முழு நிரலும் படமும் சேர்ந்து 64 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு பைட் போனாலும் போன் ஏற்றிக்கொள்ளாது. புரோகார்ட் என்ற கருவி, நான் ஆசையாக வைத்த பெயர்களை எல்லாம் அ, ஆ என்பதுபோல ஓரெழுத்தாகச் சுருக்கித் தரும். அதன் தயவால் அடங்கியது.

எங்களைப் போன்றவர்கள் மூலை மூலையாக இதைச் செய்துகொண்டிருந்த காலத்தில்தான் மலேசியாவின் முத்து நெடுமாறன் செல்லினத்தை உருவாக்கி, 2005-இல் வெளியிட்டார். தமிழ் தெரியாத போனில் தமிழில் குறுஞ்செய்தி எழுத முடிந்தது. அதைப் பார்த்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

2006-இல் ரிச்சி தெருவில் பழைய கால்குலேட்டர் விற்கிற கடையில் ஒரு கறுப்புப் பெட்டி கண்ணில் பட்டது. மூடியைக் கீழே இழுத்தால் ஏ, பி, சி வரிசையில் பொத்தான்கள். மேலே இரண்டு வரித் திரை, வரிக்கு 16 எழுத்து. சயான் ஆர்கனைசர் 2. லண்டனில் டேவிட் பாட்டர் 1980-இல் தொடங்கிய நிறுவனம் 1986-இல் கொண்டுவந்தது. முந்நூறு ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.

ரேடியோவுக்குப் போடுகிற 9 வோல்ட் சதுர பேட்டரியில் ஓடும். சின்ன மாடலில் நினைவகம் 8 கிலோபைட். எழுதியதைச் சேமிக்க டேட்டாபேக் என்ற தீப்பெட்டி அளவுச் சில்லு. அதில் ஒரு முறை எழுதியதை அழிக்க வேண்டுமானால் புற ஊதா விளக்கின் கீழ் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைக்காரர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள்.

என்னை அசத்தியது அதுவல்ல. கருவியை இயக்கியதும் வருகிற பட்டியலில் தேடு, சேமி, நாட்குறிப்பு, கணக்கு என்ற வரிசையில் ஐந்தாவதாக நிற்பது ‘நிரல்’. கடிகாரத்துக்கு முன்னால் நிற்கிறது அது. அழுத்தினால் ஓபிஎல் என்ற மொழி திறக்கும். ஆர்கனைசரின் மொழி என்பதன் சுருக்கம். பேசிக் தெரிந்தவர் அரை மணியில் கற்றுக்கொள்ளலாம். மேசைக் கணினி வேண்டாம், கேபிள் வேண்டாம், யாரிடமும் அனுமதி வேண்டாம். அந்த இரண்டு வரித் திரையிலேயே எழுதி, அதிலேயே ஓட்டலாம். வாங்கியவரே தன் தொழிலுக்கு வேண்டியதை எழுதிக்கொள்வார் என்று நம்பி ஒரு கருவியைச் செய்திருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கை அடுத்த முப்பது ஆண்டில் எப்படித் தேய்ந்தது என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

1993 ஆகஸ்டில் ஆப்பிள் நியூட்டன் மெசேஜ்பேட் வந்தது. அதற்கென்றே வால்டர் ஸ்மித் நியூட்டன்ஸ்கிரிப்ட் என்ற மொழியை வடிவமைத்தார். அழியா நினைவகம் 4 மெகாபைட் இருந்தது, வேலை செய்யும் நினைவகமோ 640 கிலோபைட்தான். சங்கத்தில் அச்சடித்த ரசீதுப் புத்தகம் இருக்குமல்லவா? தலைப்பு, கட்டம், முகவரி எல்லாம் அச்சில் இருக்கும், நாம் பெயரும் தொகையும் மட்டும் எழுதுவோம். நியூட்டன்ஸ்கிரிப்ட் அப்படித்தான் வேலை செய்தது. பொருளின் மாதிரி வடிவம் அழியா நினைவகத்திலேயே கிடக்கும், மாறிய பகுதி மட்டும் வேலை நினைவகத்துக்கு வரும். நினைவகத் தட்டுப்பாட்டிலிருந்து இவ்வளவு அழகான மொழி பிறந்ததற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அதில் எழுத மேசைக் கணினி வேண்டும், ஆப்பிள் விற்ற கருவித் தொகுப்பு வேண்டும். 1998 பிப்ரவரியில் நியூட்டனை நிறுத்தினார்கள், மொழியும் அதோடு போயிற்று.

பாம் கதை வேறு மாதிரி. ஜெஃப் ஹாக்கின்ஸ் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்து அளவு பார்த்து, 1996-இல் பைலட்டைக் கொண்டுவந்தார். உள்ளே மோட்டரோலா டிராகன்பால் சில்லு, 16 மெகாஹெர்ட்ஸ், முதல் மாடலில் 128 கிலோபைட். பழைய மெக்கின்டாஷ் கணினியின் சில்லுக்குத் தம்பி அது. ஆகவே மெக்கின்டாஷுக்கு இருந்த சி கம்பைலரே இதற்கும் வந்தது. சில்லு சொந்தம் என்பதால் வந்த சம்பந்தம். இரண்டு சின்ன பேட்டரியில் வாரக்கணக்கில் ஓட வேண்டும் என்றால் சி-யைத் தவிர வேறு கதியும் அன்று இல்லை.

சிம்பியனில் மூன்று ஆண்டு வேலை பார்த்தேன். சயான் 1997-இல் சீரிஸ் 5 கருவிக்காகச் சி++ மொழியில் புதிதாக எழுதிய இயங்குதளம்தான் 1998-இல் நோக்கியாவும் எரிக்சனும் சேர்ந்ததும் சிம்பியன் ஆயிற்று. மேசைக் கணினியைத் தினமும் அணைத்துப் போடுவோம், கசிந்த நினைவகம் திரும்பிவிடும். போனை மாதக்கணக்கில் அணைப்பதில்லை. ஒரு கால் வரும்போது நினைவகம் போதவில்லை என்று போன் நிற்கக் கூடாது. அதனால் கடன் வாங்கிய ஒவ்வொரு துண்டு நினைவகத்தையும் ஓர் அடுக்கில் பதிந்து வைக்க வேண்டும் என்று விதி. நடுவில் எது கெட்டாலும் அடுக்கைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சரியான விதிதான். ஆனால் அதைப் பழக ஆறு மாதம் ஆகும். பெயரை எந்த எழுத்தில் தொடங்க வேண்டும், எந்த எழுத்தில் முடிக்க வேண்டும் என்பதற்கும் சட்டம் உண்டு. ஓபிஎல்லைச் சயான் சீரிஸ் 5-இல் வைத்திருந்தது, நோக்கியா போன்களில் அது கூடவே வரவில்லை. 2003-இல் அதைத் திறமூலமாகக் கொடுத்துவிட்டார்கள். நோக்கியா 2004-இல் சிம்பியனுக்குப் பைத்தான் கொடுத்தபோது, போனிலேயே வரி வரியாக அடித்து ஓட்டிப் பார்க்க முடிந்தது. நண்பர்கள் சிலர் பஸ்ஸில் போகும்போதே எழுதினார்கள். 2011 பிப்ரவரியில் நோக்கியா விண்டோஸ் போனுக்கு மாறியதும் அதெல்லாம் முடிந்தது.

நம் பக்கத்திலும் ஒரு முயற்சி நடந்தது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் நால்வரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து 2001-இல் சிம்ப்யூட்டர் என்ற கைக்கருவியை முன்வைத்தார்கள். லினக்ஸில் ஓடும். ஊரே ஒரு கருவியைப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு வைத்துக்கொள்வது என்பது எண்ணம். அதற்கு அவர்கள் ஐஎம்எல் என்ற குறியீட்டு மொழியை உண்டாக்கினார்கள். இணையப் பக்கம் எழுதத் தெரிந்தவர் அதில் எழுதலாம், படிக்கத் தெரியாதவருக்கு அது வாசித்தும் காட்டும். 2004-இல் அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தது, எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. ஆனால் மொழியை யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறோம் என்ற கேள்வியை அவர்கள் முதலில் கேட்டார்கள். என் வரையில் அது பெரிய காரியம்.

அதன் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும், சுருக்கிச் சொல்கிறேன். ஐபோனுக்கு 2008-இல் வெளியார் எழுத வழி திறந்தபோது மொழி ஆப்ஜெக்டிவ்-சி. 1980-களின் தொடக்கத்தில் பிராட் காக்ஸும் டாம் லவ்வும் உருவாக்கியது. நெக்ஸ்ட் நிறுவனத்தோடு ஆப்பிள் வீட்டுக்கு வந்த சீதனம் அது. 2014-இல் ஸ்விஃப்ட் என்ற மொழி வந்தது. ஆண்ட்ராய்டு, ஊரில் பலருக்குத் தெரிந்த ஜாவாவை எடுத்துக்கொண்டு, டான் போர்ன்ஸ்டைன் எழுதிய டால்விக் என்ற இயந்திரத்தில் ஓட்டியது. சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள், ஆண்ட்ராய்டை உருவாக்கிய கூகுள் மீது 2010 ஆகஸ்டில் வழக்குப் போட்டது. 2021 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இடையில், 2017-இல் கூகுள் கோட்லின் என்ற மொழியை ஏற்றுக்கொண்டு, 2019-இல் அதையே முதல் மொழி என்றது.

தொடக்கத்தில் மொழியைத் தீர்மானித்தது நினைவகமும் பேட்டரியும். பிற்காலத்தில் செயலிக் கடையின் வாசலில் காவல் நின்றவர்கள் தீர்மானித்தார்கள். 2010 ஏப்ரலில் ஆப்பிள் இன்னின்ன மொழியில்தான் எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போட்டது. அதே மாதம், பள்ளிப் பிள்ளைகள் ஸ்கிராட்ச் மொழியில் செய்தவற்றை ஐபோனில் பார்க்க உதவிய செயலியைத் தன் கடையிலிருந்து எடுத்தது. செப்டம்பரில் மொழி விதியைத் தளர்த்தினார்கள். ஆனாலும் அந்த ஏப்ரலை நான் மறக்கவில்லை. 8 கிலோபைட் கருவியில் முதல் பட்டியலிலேயே நின்ற ‘நிரல்’ என்ற சொல், ஜிகாபைட் ஜிகாபைட்டாக நினைவகம் உள்ள போனில் எங்கும் இல்லை. இடம் போதாமல் போயிற்று என்று இதற்குச் சொல்ல முடியாது.

நம் ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கையில் இருக்கும் ஒரே கணினி அப்பாவின் போன். அதில் படம் பார்க்கலாம், விளையாடலாம், கடன்கூட வாங்கலாம். தன் வீட்டுப் பால் கணக்குக்கு ஒரு நிரலை அந்தப் போனிலேயே எழுத வேண்டும் என்று ஒரு பெண் நினைத்தால், வழி தேடித் தேடித்தான் போக வேண்டும். வழி இல்லாமலில்லை. ஆண்ட்ராய்டில் பைத்தானை ஏற்றி, போனிலேயே எழுதி ஓட்டும் செயலிகள் இருக்கின்றன. கணினி ஆசிரியர்களாக இருப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: கம்ப்யூட்டர் லேப் திறக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளிடம் இருக்கிற போனில் தொடங்குங்கள். முதல் கணக்கு அவர்கள் வீட்டுக் கணக்காக இருக்கட்டும்.

நேற்று இரவு ஆர்கனைசருக்குப் புது பேட்டரி போட்டேன். ‘நிரல்’ என்பதைத் தேர்ந்து, ஏ, பி, சி வரிசைப் பொத்தான்களில் தட்டுத் தடுமாறி ஆறே வரி எழுதினேன். டிகிரி கேட்டது, 27.5 கொடுத்தேன். ஃபேட் கேட்டது, 4.1 கொடுத்தேன். இரண்டாவது வரியில் 8.055 என்று வந்தது.